கப்டன் வெளிக்கிட்ட சனிக்கிழமை

அறக்குளாக் கருவாட்டைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு இம்மாகுலேற் நிமிர்ந்தபோது, முன்னறைக் கதவைத் திறந்துகொண்டு கப்டன் நடைக்கு வந்தார். வந்த கோலத்தைக் கண்டு அவளுக்குக் கை ஓடவில்லை. கடற்படைக் கோட்டு. பித்தளைப் பொத்தான் அத்தனையும் மினுக்கியிருந்தது. தலையில் தொப்பி, தோளில் கான்வஸ் பை. எண்பது வயது தாண்டிய மனுசன் தாடியைக் கூடப் படிய வாரியிருந்தார். நேற்றுவரை சப்பாத்து நூலை அவள் கட்டிவிட வேண்டியிருந்தது. இன்றைக்குத் தானே கட்டியிருந்தார்.

அடுப்படி வாசலில் அவளைக் கண்டதும் நின்றார். அவள் எதையோ செய்யட்டும் என்று காத்திருப்பவர்போலப் பார்த்தார்.

என்ன செய்திருக்க வேண்டும்? எந்த மடைச்சிக்கும் தெரியும். ஓடிப்போய்க் கையைப் பிடித்து, எங்கே போறியள் கப்டன் என்று கேட்டிருக்க வேண்டும். அதற்காகத்தானே அந்த வீட்டில் அவளையும் புருசனையும் வைத்திருந்தது! கப்டனின் மகள் ஹில்டா லண்டனின் மறுகோடியில் இருக்கிற ஹரோவிலிருந்து வரும்போதெல்லாம் சொல்வது அந்த ஒன்றைத்தான். அப்பாவுக்கு நினைவு தடுமாறுகிறது, தனியே வெளியே விடவேண்டாம், இன்னொரு தரம் தொலைந்தாரென்றால் பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்கவேண்டி வரும் என்று.

இம்மாகுலேற் கேட்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். கப்டன் தலையை ஒருமுறை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தார். வாசற்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அது அவள் யோசித்துச் செய்ததல்ல. குருநகர் மீன்பிடிக் கரையில் பிறந்தவளின் உடம்பு செய்தது. கடலுக்கு வெளிக்கிட்ட ஆம்பிளையை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் அந்தத் தொழில் சரிவராது. கேட்டுவிட்டால் போகிறவன் திரும்பி வந்து, ஒருக்கால் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போகவேண்டும். பேச்சு வருமுன்னே பிள்ளைகள் இதைப் படித்துவிடும். இம்மாகுலேற்றும் படித்தவள்தான். படித்தும் ஒரேயொரு நாள் கேட்டுவிட்டாள்.

தம்பி மனுவேல் அன்று விடிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படலையைத் திறந்தான். அவள் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றாள். கடலில் நேவிக்காரர் சுட்டுத் திரிகிற காலம். பயத்தில் வாய் தவறிவிட்டது. "எங்கையடா போறாய், மனுவேல்?" அவன் சிரித்துக்கொண்டு போனான். வள்ளம் மட்டும் மூன்றாம் நாள் ஒதுங்கியது. செத்தவீட்டில் அம்மா அத்தனை சனத்துக்கும் முன்னால் அவள் கன்னத்தில் அடித்து, "கேட்டுப்போட்டியேடி!" என்று குழறினாள். அன்றோடு சரி. எட்டு வருசமாக இம்மாகுலேற் ஒருவரையும் எங்கே என்று கேட்டதில்லை. லண்டனுக்கு வந்தும் கேட்டதில்லை. கட்டின புருசன் வேலைக்குப் போகும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கோப்பை கழுவி முடிந்த பிறகுதான் அவளுக்கு மூளை வேலை செய்தது. முன்னறைக்கு ஓடினாள். கட்டில் ஒரு சுருக்கு இல்லாமல் விரித்திருந்தது. சுவரில் கப்டனின் ஊர்ப்படம் தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

"மாதாவே!" என்று மாடிப்படியில் விழுந்தடித்து ஏறினாள்.

சவிரிமுத்து இரவு ஷிப்ட் முடித்து வந்து போர்வைக்குள் கிடந்தான். பெற்றோல் செட்டில் வேலை.

"இஞ்சருங்கோ, எழும்புங்கோ! கப்டனைக் காணேல்லை."

"கக்கூசிலை பாத்தனியே?"

"ஐயோ, வெளியிலை போட்டார். உடுப்பெல்லாம் போட்டுக்கொண்டு, தொப்பியும் வைச்சுக்கொண்டு. நான் கண்டனான்."

சவிரிமுத்து எழுந்து இருந்தான். "கண்டனியோ? கண்டு?"

அவள் ஈரக்கையைச் சீலையில் துடைத்தாள்.

"கேக்கேல்லையே நீ?"

"வாய் வரேல்லையப்பா."

சவிரிமுத்து போர்வையை உதறினான். கோபம் வந்தது, கெட்ட வார்த்தையும் வந்தது. ஆனால் அவனும் குருநகரான். அந்த வாசலில் தான் நின்றிருந்தாலும் கேட்டிருக்க மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். வார்த்தையை விழுங்கிக்கொண்டு காற்சட்டையைத் தேடினான்.

"மகள்காரி எத்தினை மணிக்கு வாறா?"

"மத்தியானச் சாப்பாட்டுக்கு. அவ வந்தால் வரட்டும். குளிர் என்ன குளிர் பாருங்கோ! அந்த மனுசன் எங்கையாவது விழுந்து கிடந்தால் என்னப்பா செய்யிறது?"

"விழமாட்டார். கடலிலை நடந்த கால்," என்றான் சவிரிமுத்து. அவளுக்குத் தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னான். சொன்னவனுக்கே சேர்ட்டுப் பொத்தான் மாறிப் பூட்டுப்பட்டது.

அந்த அப்டன் பார்க் வீட்டுக்கு அவர்கள் வந்த கதையே ஒரு கூத்து. முதல் இருந்த வீட்டில் கருவாடு பொரித்து வீட்டுக்காரனிடம் பேச்சு வாங்கினார்கள். இரண்டாம் வீட்டிலும் அதே கதை. வேறு அறை தேடி கப்டன் வீட்டுக் கதவைத் தட்டிய அன்று, இம்மாகுலேற்றின் பையில் பச்சைத்தெருக் கடையில் வாங்கிய கருவாடு இருந்தது. கிழவர் கதவைத் திறந்து, மூக்கைச் சுருக்கி, இழுத்து ஒரு மூச்சு விட்டார். சரி, இதுவும் போச்சு என்று சவிரிமுத்து திரும்பினான். கிழவரின் கண் கலங்கியிருந்தது. "உள்ளே வாங்கோ, அதையும் கொண்டு வாங்கோ" என்றார்.

ஸ்கார்விக் என்பது அவருடைய ஊர். நோர்வேயின் வடக்குக் கோடி. குடாக்கடலின் இரண்டு பக்கமும் பாறை, பாறை ஓரமாக மர வீடுகள், வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் மீன் காயப்போடுகிற மரப்பந்தல்கள். மாசியில் தொங்கவிட்ட மீன் வெயில் காலம்வரை காற்றில் காயுமாம். உப்பே போடமாட்டார்களாம். உப்புப் போடாமல் என்ன கருவாடு என்று சவிரிமுத்து விடாமல் வாதாடுவான். கப்டனும் விடமாட்டார். அரைகுறை இங்கிலீசில் இருவரும் மேசையில் அடித்துச் சண்டை பிடிப்பார்கள். அவித்த உருளைக்கிழங்கும் பொரித்த கருவாடும் நடுவில் இருக்கும்.

இருபது வயதில் கடற்படைக்குப் போனவர். ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்ததும் கப்பலோடு இந்தப் பக்கம் வந்து, சண்டை முடியுமட்டும் வட கடலில் ஓடினார். ஜெர்மன்காரன் பின்வாங்கும்போது ஸ்கார்விக்கைக் கொளுத்திவிட்டுப் போனான். ஒரு பந்தல்கூட மிஞ்சவில்லை. தாயை எங்கோ தெற்கே கொண்டுபோனார்கள், அங்கேயே செத்துப்போனாள். இவர் லண்டன்காரி ஒருத்தியைக் கட்டி, பென்சன் எடுத்து, அவளையும் புதைத்துவிட்டு இந்த வீட்டில் இருந்தார். ஊர் எரிந்த கதையைச் சொன்ன அன்று இம்மாகுலேற் அழுதாள். அவளுடைய ஊரிலும் அப்போது குண்டு விழுந்துகொண்டுதானிருந்தது.

அந்தத் தாயைப் பற்றி அவர் சொன்ன ஒன்றுதான் இப்போது நெருப்பாகச் சுட்டது. பஸ் தரிப்பை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகையில் புருசனிடம் சொன்னாள்.

"உங்களுக்கு ஞாபகமே? கடைசியா வெளிக்கிடேக்க தாய்க்காரி ஒரு வார்த்தை கதைக்கேல்லையாம் எண்டு சொன்னவர். முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினவவாம். அவையின்ரை ஊரிலையும் கேக்கக்கூடாதாம். பொம்பிளை கேட்டால் அண்டைக்கு வள்ளம் இறக்கமாட்டினமாம்."

"ஓம், சொன்னவர்."

"நானும் அப்பிடியே திருப்பினனான். அப்பிடியே கழுவினனான். அவர் என்னை நிண்டு பாத்தவரப்பா. தலையை ஆட்டிப்போட்டுப் போனவர்." "ஊரிலையிருந்து வெளிக்கிடுறன் எண்டுதான் போயிருக்கிறார். நான்தான் வழியனுப்பி விட்டிருக்கிறன்."

"விசர்க்கதை கதையாதை. நட கெதியா."

பச்சைத்தெருவில் கணேசலிங்கம் கடை திறந்து மரக்கறிப் பெட்டிகளை வெளியே அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் அவருக்குத் தெரியாத ஆள் இல்லை, அவர் வாய் வைக்காத கதையும் இல்லை.

"என்ன சவிரி, குடும்பமா ஓட்டப்போட்டியோ?"

"அண்ணை, எங்கடை கப்டனைக் கண்டனீங்களே?"

"காணாமல்? கலியாண மாப்பிளை மாதிரி வந்து கருவாடு வாங்கிக்கொண்டெல்லோ போனவர். நான் சலூட்டும் அடிச்சனான்."

"எங்கை போறார் எண்டு கேக்கேல்லையே?" என்றான் சவிரிமுத்து.

கணேசலிங்கம் கையிலிருந்த முருங்கைக்காய்க் கட்டோடு நிமிர்ந்தார். "உனக்கென்னடாப்பா பேய் பிடிச்சுதே? வெளிக்கிட்டுப் போற ஆளை எங்கை எண்டு கேக்கலாமே?"

வேறு நாளென்றால் இம்மாகுலேற் சிரித்திருப்பாள். இந்தத் தெரு முழுக்க எங்கடை ஆக்கள். அத்தனை பேரும் மரியாதை தெரிந்த ஆக்கள். கிழவர் தெருவின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைவரை நடந்திருப்பார், ஒரு நாயும் கேட்டிருக்காது!

"அண்ணை, அவருக்கு மனம் சரியில்லை எண்டு உங்களுக்குத் தெரியுமெல்லே," என்றாள் அழாக்குறையாக.

கணேசலிங்கத்தின் முகம் மாறியது. "பொறு தங்கச்சி, அழாதை. எங்கை எண்டு கேக்கேல்லை. தூரமோ எண்டு கேட்டனான், அப்பிடிக் கேக்கலாம்தானே. இல்லை, மறுகரைக்குத்தான் எண்டவர். அந்தா, நூற்றியோராம் பஸ்ஸிலை ஏறினவர்."

"மறுகரை," என்றான் சவிரிமுத்து. "வூல்விச் பெரி." காரையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கிற பெரிய படகு அது.

பஸ் ஊர்ந்தது. மேல்தட்டில் முன் இருக்கையில் இருந்து இருவரும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்கள். தொப்பி வைத்த ஒவ்வொரு கிழவனிலும் இம்மாகுலேற்றின் நெஞ்சு ஒருக்கால் எழும்பி விழுந்தது. காணாமல் போனதெல்லாம் தேடித் தருகிற அந்தோனியாரைக் கூப்பிட்டாள். மனுவேலுக்காகவும் அவரைத்தான் கூப்பிட்டாள், அந்தச் செபம் பாதியில் நின்றுவிட்டது.

"வத்து ஓடுது," என்றான் சவிரிமுத்து, ஆற்றுப்பக்கம் பார்த்தபடி.

"எப்பிடித் தெரியும்?"

"காலமை வேலையாலை வரேக்க பாத்தனான். இந்த நேரம் தண்ணி கடலுக்கு இழுக்கும். விழுந்தால்..." நிறுத்திக்கொண்டான்.

"விழுந்தால்?"

"ஒண்டுமில்லை. செபத்தைச் சொல்லு."

துறையில் பெரி கட்டியபடி நின்றது. கார்களும் லொறிகளும் ஏறாமல் தெருவரைக்கும் நீண்டு கிடந்தன. கரையோரம் சனம் கூடி நின்றது. அவள் ஊரில் கரையில் சனம் சும்மா கூடி நிற்காது.

செம்மஞ்சள் கோட்டுப் போட்ட துறைக்காரர் ஒருவர் மறித்தார். "கிழவருக்குச் சொந்தமா நீங்கள்?"

"ஓம்," என்றாள் இம்மாகுலேற். மனுசனுக்கு அது இங்கிலீசில் கேட்டதோ தமிழில் கேட்டதோ, வழிவிட்டார்.

வந்ததிலிருந்து இறங்காமல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வந்துகொண்டிருந்தாராம். பாவம், பழைய மாலுமி, இருக்கட்டும் என்று விட்டார்களாம். இறங்கச் சொன்னபோதுதான் பிரச்சினை. கார்கள் நிற்கிற தட்டின் முன்தலைக்குப் போய், சங்கிலியைக் கழற்றிவிட்டு, அதற்கு வெளியே விளிம்பில் நின்றார். யார் கிட்டப் போனாலும் ஒரு அடி பின்னுக்கு வைக்கிறார், இன்னும் வைக்க இடமில்லை, ஆற்றுப் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறோம் என்றார் துறைக்காரர்.

அங்கே நின்றார் கப்டன். ஒரு கை கம்பத்தில். கால் நுனிக்கு அப்பால் பழுப்புத் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. காற்று கோட்டைப் பிடித்து இழுத்தது. கக்கத்தில் ஊர்ப்படம், பையிலிருந்து கருவாட்டுப் பொட்டலத்தின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. முகம் மட்டும் அவ்வளவு சந்தோசமாக இருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"நான் பின்னாலை போய்ப் பிடிக்கட்டே?" என்றான் சவிரிமுத்து குரல் எழும்பாமல்.

"வேண்டாம். உங்களைக் கண்டு திரும்பினால் விழுவார்."

"அப்ப கூப்பிடு."

"கப்டன்!" என்றாள். அவர் திரும்பிப் பார்த்துக் கை அசைத்தார். வழியனுப்ப வந்தவளுக்கு அசைக்கிற கை. "சாப்பாட்டு நேரமாகிறது, கப்டன். ஹில்டா வருவாள்." அவர் சிரித்தார். குதிக்கால் விளிம்பில் இருந்தது.

என்ன சொன்னால் இந்த மனுசன் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் ஏறும்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் செபம் சொல்லிக்கொண்டு வந்தாள், அது தேவைப்படாமல் போகட்டும் என்று. வாயைத் திறந்தாள். அம்மாவின் கை கன்னத்தில் விழுந்தது போலிருந்தது. கேட்டு, இந்த உயிரும் போனால்? பிறகு அவள் எந்த ஊருக்குப் போவாள், எந்த முகத்தோடு?

"கேள், இம்மா," என்றான் சவிரிமுத்து. எட்டு வருசத்தில் அவன் அதைப் பற்றி அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது. "நான் சொல்லுறன், கேள்."

"எங்கை போறியள்?" என்றாள்.

தமிழில் வந்துவிட்டது. கப்டன் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். ஐயோ, இன்னொரு தரம் கேட்கவேண்டும்! இரண்டு கையையும் வாயருகே கூட்டிப் பிடித்துக்கொண்டு, நுரையீரல் கிழிய இங்கிலீசில் கத்தினாள்.

"கப்டன்! எங்கே போகிறீர்கள்? எங்கே போகிறீர்கள்?"

அவர் தோள் விறைத்தது. மெல்லத் திரும்பினார். சிரிப்பு இருந்த முகம் செக்கச் சிவந்துவிட்டது.

"என்ன கேட்டாய் நீ?"

"எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன்."

"பொம்பிளை! உனக்கு மூளை கெட்டுப் போச்சா?" கப்டன் நோர்வே மொழியில் நாலு வார்த்தை திட்டினார். ஏச்சென்று விளங்க மொழி தேவையில்லை. "கரையில் நின்று கேட்கிறாயே! இனி இன்றைக்கு எப்படி வெளிக்கிடுகிறது? ஆட்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"வெளிக்கிட முடியாதுதான், கப்டன். நான் கேட்டுவிட்டேன்."

அவர் தண்ணீரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை முடியுமட்டும் அங்கே நின்ற ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு, தொழில் கெட்ட எந்த மீன்பிடிகாரனும் வருவதுபோலப் புறுபுறுத்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்து உள்ளே வந்தார். சவிரிமுத்து பாய்ந்து சங்கிலியைக் கொளுவினான். இம்மாகுலேற் அந்த இரும்புத் தட்டிலேயே குந்திவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கப்டன் அவளோடு பேசவில்லை. ஜன்னல் பக்கம் கோபமாக இருந்தார். அவள் அவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டு வந்தாள். அது ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் பின்னாலிருந்த புருசனிடம், தலையைத் திருப்பாமல். "மனுவேலை நான் கேட்டனான்தானே."

"ம்."

"இவர் நிண்டார். அவன் ஏனப்பா நிக்கேல்லை? திரும்பி வந்து, இருந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டுப் போயிருக்கலாம்தானே? அதுக்குள்ளை நேவிக்காரன் அங்காலை போயிருப்பான்தானே?"

சவிரிமுத்து அவள் தோளில் கையை வைத்தான். பஸ்ஸில் ஆக்கள் பார்க்கப் பார்க்க அவள் வாய்விட்டு அழுதாள். மனுவேலை நினைத்து அவள் கோபப்பட்டது அன்றுதான் முதல்முறை. பாவி, சிரித்துக்கொண்டல்லவா போனான்!

வாசற்படியில் ஹில்டா நின்றாள். பொலிசுக்குப் போன் அடித்து முடித்திருந்தாள். தகப்பனைக் கட்டிப்பிடித்து, உடம்பெல்லாம் தடவிப் பார்த்து, பிறகுதான் இம்மாகுலேற் பக்கம் திரும்பினாள்.

"நீ வீட்டில் இல்லையா?"

"இருந்தேன். போகிறதைக் கண்டேன்."

"கண்டுமா? ஏன் கேட்கவில்லை?"

இதற்கு இங்கிலீசில் என்ன சொல்வது? தமிழில்தான் என்ன சொல்வது? வீடும் போச்சு, கப்டனும் போனார் என்று நினைத்துக்கொண்டாள். கப்டன்தான் வாயைத் திறந்தார்.

"கேட்கக்கூடாது, ஹில்டா. உன் அப்பம்மா ஒரு நாளும் கேட்டதில்லை. இவள் கேட்டுவிட்டாள்," என்று விரலை நீட்டிக் குற்றம் சொன்னார். "நல்ல காற்று. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள்."

ஹில்டா தகப்பனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் அடுப்படி மேசையில் இருந்து நடந்ததை எல்லாம் கேட்டாள். இம்மாகுலேற் பிந்தி அவித்த கிழங்கையும் பொரித்த கருவாட்டையும் கொஞ்சம் சாப்பிட்டாள். போகும்போது, "இப்போதைக்கு இருக்கட்டும். ஆனால் நீ கேட்கவேண்டும், இம்மாகுலேற். ஒவ்வொரு தரமும்" என்றாள்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்குப் போய்வந்து இம்மாகுலேற் தேத்தண்ணிக்கு வைக்கும்போது முன்னறைக் கதவு திறந்தது. கோட்டு, தொப்பி, பை. கப்டன் நடையில் நின்று அவளைப் பார்த்தார். கை தானாகக் குழாயை நோக்கிப் போனது. அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"எங்கே போகிறீர்கள், கப்டன்?"

"நாசமாய்ப் போக!" என்றார் கப்டன். தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்துவிட்டு, கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அவள் ஒரு கிளாஸ் தண்ணீர் வைத்தாள். மூன்று மிடறு குடித்தார், கோபம் ஆறியது, பாணுக்கு ஜாம் கேட்டார்.

சவிரிமுத்து பகல் ஷிப்டுக்கு வெளிக்கிட்டு மாடியால் இறங்கி வந்தான். வாசற்கதவைத் திறந்தவன் போகாமல் நின்றான். குளிர் உள்ளே அடித்தது.

"என்ன நிக்கிறியள்? கதவைச் சாத்துங்கோ, கிழவருக்குக் குளிரப்போகுது."

"என்னை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றான் சவிரிமுத்து.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. சப்பாத்து, கம்பளிக் கோட்டு, கையில் சாப்பாட்டுப் பெட்டி, கடலுக்குப் போகிறவன் நிற்கிற அதே நிலை. இம்மாகுலேற் ஈரக்கையைச் சீலையில் துடைத்தாள்.

"எங்கை போறியள்?"

"பெற்றோல் செட்டுக்கு."

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தான். சாப்பாட்டுப் பெட்டியை மேசையில் வைத்து, கப்டனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். அவள் இன்னொரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அதை முழுதும் குடித்துவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போனான்.